பதினேழாம் நம்பர் வீடு

சுரங்கத்து ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. நம்பர் இல்லாத பொருள் அவன் கண்ணுக்குப் பொருளாகவே தெரியாது. போல்ட், பேரிங், கன்வேயர் ரோலர் எதுவானாலும் நம்பர் போட்டு, புத்தகத்தில் ஏற்றி, கையெழுத்து வாங்கின பிறகுதான் எனக்கு மூச்சே வரும். நெய்வேலி டவுன்ஷிப்பும் அதற்கு ஏற்ற இடம். இங்கே யாரும் சொந்த ஊரைக் கேட்பதில்லை. எந்த பிளாக், எந்த ரோடு, குவார்ட்டர்ஸ் நம்பர் என்ன என்றுதான் கேட்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தாத்தா பேர் தெரிவதற்கு முன்னால் குவார்ட்டர்ஸ் நம்பர் தெரிந்துவிடும். இந்த வியாதியை நான் ஒரு தெருவுக்கே ஒட்டவைத்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தானே புயல் அடித்ததற்கு அடுத்த கோடை. எங்கள் ரோட்டில் பாதி மரம் சாய்ந்துபோயிருந்தது. என் வாசல் வேம்பு மட்டும் ரெண்டு கிளையை இழந்து தப்பியிருந்தது. ரோட்டைப் பெருக்கும் கான்ட்ராக்ட் அம்மா ஒருவர் மத்தியானம் அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுவார். நாற்பது வயது இருக்கும். விழுந்த மரங்களைப் பற்றி நான் ஒருநாள் புலம்பிக்கொண்டிருந்தபோது, அவர் டப்பாவை மூடிக்கொண்டே, "எங்க தெருவுல வுழறதுக்குக்கூட ஒரு மரம் இல்லைங்க சார்," என்றார்.

அவர் இருந்தது மந்தாரக்குப்பத்துக்குப் பின்னால், லாரிகள் போகும் மண் ரோட்டை ஒட்டிய தெரு. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நாற்பத்தோரு வீடு. பாதிக்குக் கீற்று, பாதிக்கு ஷீட். கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் விரலால் கோடு போடலாம் போலக் கரித்தூள் படிந்திருந்தது. சாக்கடை நடுத்தெருவில் தேங்கி நின்றது. என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ரெண்டு இடத்திலும் ஒரே காற்றுதான். எங்களுக்கு மறைப்பாக மரம் இருந்தது, அவர்களுக்கு இல்லை. வாராவாரம் காய்கறி வாங்க அந்தப் பக்கம் போய்வந்தவனுக்கு இது கண்ணில் படாமல் போனதில் என் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்படித்தான் அந்தத் தெருவில் மரக்கன்று வைக்க ஒரு சங்கம் தொடங்கினோம். பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்றார்கள். ஆறு பேர் டவுன்ஷிப்பிலேயே கிடைத்தோம். எல்லாரும் பர்மனென்ட், ரிடையர்மென்ட்டை நெருங்கியவர்கள், போவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிட ஆசை பிடித்தவர்கள். ஏழாவது அந்தம்மா. துணைத் தலைவர் என்று போட்டோம். தெரு ஜனங்களும் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று விதிமுறையில் எழுதியது நான்தான். எழுதியபோது ரொம்பப் பெருமையாக இருந்தது.

கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, என் வீட்டில். அந்தம்மாவுக்கு ஞாயிறும் வேலை. நேரத்தை மாற்றலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பெருக்குகிற இடத்துக்கே போவேன். துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, நான் வாசித்துக் காட்டினதுமில்லை. மற்ற ஐந்து பேரைக் குறைசொல்லிப் பயனில்லை, புத்தகம் என் கையில்தான் இருந்தது.

அந்தம்மாவுக்கு அப்போது இருந்தது ஒரே ஆசை, செங்கல் வைத்து ஒரு சுவர். அவர் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றுபவர். சுரங்கத்துக்காக எடுத்த ஒரு கிராமத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே வெளியே வந்தவர். அதற்கப்புறம் இரண்டு இடம் மாறித்தான் இந்தத் தெரு. எங்கே போனாலும் பிரித்து எடுத்துப்போகிற மாதிரிதான் வீடு கட்டுவேன் என்று பிடிவாதம். சூடு கண்ட பூனை. பத்து வருஷம் சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, அந்த வருஷம்தான் அந்தம்மா அவரை இறங்கிவர வைத்திருந்தார். சங்கம் வந்துவிட்டது, கன்று வைக்கப்போகிறார்கள், இனி நம்மை யார் கிளப்புவார்கள் என்று எங்களைக் காட்டித்தான் பேசியிருக்கிறார். செங்கல் வந்து இறங்கியது. வாசல் பக்கச் சுவர் இடுப்பளவுக்கு எழும்பியும் விட்டது.

கன்றுகள் வருகிற நாள் நெருங்கியது. ஒரு வீட்டுக்குக் கூட, ஒரு வீட்டுக்குக் குறைய என்று போகக்கூடாது என்பதில் நான் குறியாக இருந்தேன். வீட்டுக்கு ஒரு கன்று. தண்ணீர் ஒற்றைப்படை வீடுகளுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள். அதற்கு வீடுகளுக்கு நம்பர் வேண்டுமே. தீர்மானம் போட்டோம், வழக்கம்போல அந்தம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன். தகரத்தில் நானே அச்சு வெட்டினேன். கடையில் சிவப்புப் பெயின்ட்தான் இருந்தது. ஒரு ஞாயிறு காலை நாங்கள் ஆறு பேரும் போய்த் தெரு முழுக்க நம்பர் அடித்தோம். பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அந்தம்மா வீடு பதினேழு. அங்கே புதுச் சுவர் இருந்ததால் அச்சு பளிச்சென்று விழுந்தது. தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஸ்டோர்ஸ் மாதிரியே இருந்தது, மனது நிறைந்துபோனது.

மறுநாள் அந்தம்மா வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நாளாகத் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தத் தெருவில் பாதிப் பேர் சுரங்கத்துக்கு ஊரை இழந்து வந்தவர்கள். அவர்கள் ஊரை எடுத்தபோது முதலில் வந்தது நம்பர்தானாம். ஒரு காலையில் ஆட்கள் வந்து சுவரில் சிவப்பில் எழுதிவிட்டுப் போனார்கள். அளவு, பேப்பர், லாரி எல்லாம் அதற்கப்புறம். நம்பர் விழுந்த வீடு நிற்காது என்பது அந்தத் தெருவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷம் நெய்வேலியில் சோறு தின்ற எனக்குத் தெரியவில்லை. நான் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன். எனக்கு நம்பர் என்றால் வீடு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"அவரு செவுத்தப் பிரிச்சி செங்கல்ல ஏத்திகினு இருக்காரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார்," என்றார்.

ஒரு வார்த்தைதான் கேட்டார். நான் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். எழுத்தில் இருப்பதைக் காட்டினால் மனுஷன் நம்பாமல் எங்கே போவார் என்கிற ஸ்டோர்ஸ் புத்தி. வாசலில் குட்டியானை வண்டி நின்றது, பாதி செங்கல் ஏறியிருந்தது. இது மரத்துக்காகப் போட்ட நம்பர், வேறு எதற்கும் இல்லை, நீங்களே படித்துப் பாருங்கள் என்று அந்தம்மா வீட்டுக்காரரிடம் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியும். தெருவில் உள்ள வீடுகளைக் கணக்கெடுத்து எண் இடுவது என்ற முதல் வரியைத் தாண்டி அவர் கண் போகவில்லை. கீழே ஏழு கையெழுத்து. விரலை ஒவ்வொன்றாக நகர்த்தி ஏழாவதில் நிறுத்தினார்.

"இது உன்னுதா?" என்று மனைவியைக் கேட்டார்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். இவருக்கு எதுவும் தெரியாது, நான் வாசித்துக் காட்டாமல்தான் வாங்கினேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் புத்தகத்தில் இருக்கிற அத்தனை கையெழுத்தும் பொய்யாகிவிடுமே என்று ஒரு கணம் யோசித்தேன். அவ்வளவுதான், ஒரே கணம்.

"என்னுதுதான்," என்றார் அந்தம்மா.

வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. புத்தகத்தை மூடி மரியாதையாக என்னிடம் கொடுத்தார். தன் அப்பாவும் ஊரை எடுத்தபோது ஒரு கையெழுத்துப் போட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி செங்கல்லை எடுக்கப் போனார். அந்த வாரமே குடும்பத்தோடு குறிஞ்சிப்பாடிப் பக்கம் போய்விட்டார்கள்.

மீதி வீடுகளில் சுண்ணாம்பு அடித்து நம்பரை மறைத்தார்கள். கன்று வேண்டாம் என்று முக்கால்வாசிப் பேர் சொல்லிவிட்டார்கள். வாங்கியவர்களும் எனக்காக வாங்கிக்கொண்டார்கள். சங்கம் இரண்டு வருஷம் பேப்பரில் நடந்தது. ஏழாவது ஆளாக வேறொருவரைச் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தோம். அவரும் டவுன்ஷிப்தான்.

நான் ரிடையராகிற வருஷம் குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் அந்தம்மாவைப் பார்த்தேன். அவர்தான் முதலில் பார்த்துக் கும்பிட்டார். இப்போது தறி வேலைக்குப் போகிறாராம். வீடு இன்னும் கீற்றுதான், செங்கல் என்ற பேச்சையே வீட்டுக்காரர் எடுக்க விடுவதில்லை என்றார். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் அம்மா என்றேன். இத்தனை வருஷம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம், சொன்னபோது ஒன்றுமில்லாமல் இருந்தது.

"நம்ம தெருவுல மரம் எதுனா வந்துச்சாங்க?" என்று கேட்டார்.

நாலு நிற்கிறது என்றேன். அதில் ஒன்று உங்கள் வாசல் இருந்த இடத்தில் நான் வைத்த புங்கன், ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது என்றேன்.

"நெழலு வுழுதா சார்?"

நன்றாக விழுகிறது என்றேன். யார் மேலே என்று அவர் கேட்கவில்லை.