கிரிவலப் பாதையில் அப்பா சொன்ன வாக்கு

பௌர்ணமி விரதத்தில் என் அப்பா சாப்பாட்டைத்தான் விடுவார். சர்க்கரை மாத்திரையை விடமாட்டார். மருந்துக்கு விரதமில்லை என்பது அவர் கட்சி. நகரப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வுபெற்றவரிடம் வாதாடி வெல்ல முடியாது. சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி மாலையில் அவருடன் கிரிவலம் புறப்பட்டேன்.

பாதி வழியில் நின்றுவிட்டார். என்னைப் பார்த்து, "நீங்க எங்க எறங்கணுங்க?" என்றார். என்னை ஒருமையிலன்றி அழைத்தறியாதவர். சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. கழுத்தில் வியர்வை வழிந்தது. விரல்கள் நடுங்கின.

நரைத்த தாடி, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் ஊரில் இத்தோற்றமுள்ளவர் சம்பந்தமில்லாமல் பேசினால் சித்தராகிவிடுவார். பின்னால் வந்த ஓர் அம்மாள் பொத்தென்று காலில் விழுந்தார்.

"சாமி, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்?"

"அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கிக்கோ" என்றார் அப்பா.

"அடுத்த மாசமாம்!" என்று அந்த அம்மாள் பூரித்தார். அதற்குள் மேலும் சிலர் வரிசையில் நின்றுவிட்டனர்.

கூட்டத்தில் குரலெழுப்புவது எனக்கு வராது. அன்று வந்தது. "அவரு சாமி இல்லீங்க, எங்கப்பா! சர்க்கரை கொறைஞ்சிடுச்சு!" திடீரென வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழம்பினால் உடனே இனிப்புக் கொடுக்கவேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

அருகிலிருந்த பந்தலில் பானகம் வாங்கி நீட்டினேன். "விரதம்" என்று வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் குவளையைப் பிடுங்கினார். "பிரசாதம் சாமி, வேணான்னு சொல்லக்கூடாது."

அப்பா ஒரு மடக்கு விழுங்கினார். புரையேறவில்லை என்று பார்த்தபின் மீதியையும் குடிக்கவைத்தோம். சற்று நேரத்தில் கண்கள் தெளிந்தன.

"ஏம்மா, இவங்கள்லாம் ஏன் என்னயே பாக்கறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"தெளிஞ்சிட்டீங்களா சாமி" என்றார் அந்த அம்மாள், மகிழ்ச்சியும் கொஞ்சம் ஏமாற்றமுமாக. "அப்ப கல்யாணம்?"

"யாருக்கும்மா?"

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு விரைந்தோம். "மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்துல நடந்தா இப்படித்தான் ஆவும். சர்க்கரை மறுபடியும் எறங்கலாம், இங்கயே இருங்க" என்று மருத்துவர் அவரைப் படுக்கவைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஒருத்தர் திடீர்னு சம்பந்தமில்லாம பேசினா உடம்புலதான் காரணம் தேடணும். சர்க்கரையா, காய்ச்சலா, தண்ணி வத்திடுச்சா, தலையில அடியான்னு பாக்கணும்."

அடுத்த பௌர்ணமிக்கு அப்பா இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டார். அந்த இடம் வந்ததும் துண்டால் தாடியை மூடிக்கொண்டு வேகமாக நடந்தார்.

"அந்தம்மா வந்து கல்யாணத்தப் பத்திக் கேட்டா என்னன்னு சொல்றது?"