விழுந்த பிறகு அடித்த இரண்டு அடி

போன மாதம் உத்தமபாளையத்தில் இறந்த ஆசியா என் அம்மா. ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்றைக்கூட அவள் விட்டு நான் பார்த்ததில்லை. ஒரு மனிதனின் முழங்காலையும் உடைத்தாள். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் அது அவளாக இருக்காது.

உடைந்தது என் கணவன் நவாஸின் முழங்கால். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சை வாங்கி லாரி ஏற்றும் வியாபாரி அவன். எனக்குத் தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. என் தாடையின் முறிவையும் விலாவின் முறிவையும் நானே படத்தில் பார்த்திருக்கிறேன். என் அத்தா இறந்ததும் ஆறு வயது மகள் மிஸ்பாவோடு அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. "நீ வராட்டிப் போ, புள்ளையக் குடுத்துரு" என்று ஆள் விட்டான். கொடுக்கவில்லை.

அம்மா அப்போது இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அம்மா அதில் கறார். கீரைக்காரிக்குக்கூட அடுப்படியிலிருந்துதான் குரல் கொடுப்பாள். இது நவாஸுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் தெருவில் ஆண்கள் இருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். யோசித்துத்தான் வந்தான்.

மிஸ்பா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். பைக்கை அணைக்காமலே அவள் முடியைப் பிடித்துத் தூக்கி முன்னால் போட்டான். நான் ஓடிப்போய் அவள் காலைப் பிடித்தேன். லாரிக் கயிறு முறுக்கும் இரும்புக் கம்பி அவன் கையில் இருந்தது. முதல் அடி என் வாயில். பல் தெறித்தது. அடுத்தது காதில். கீழே விழுந்தேன். வாயில் ரத்தமும் மண்ணும். பிறகு ஒரு வெள்ளைச் சேலையின் கரை தெரிந்தது.

அம்மா படி தாண்டியிருந்தாள். இஞ்சி பூண்டு இடிக்கும் குட்டி இரும்பு உலக்கை அவள் கையில்.

நவாஸ் சிரித்தான். "உள்ள போங்க மாமி. இத்தாவுல இருக்கீக. பாவம் புடிச்சுக்கிரும்."

"புள்ளைய எறக்கு."

"எறக்காட்டி?"

அவன் அவள் தலையைப் பார்த்துக் கம்பியை வீசினான். அம்மா இடது கையைத் தூக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நடுவில். தலைக்கு வரும் அடியைத் தடுப்பவர்களுக்கு அங்கேதான் முறியும். அவள் கத்தவில்லை. வலது கையால் அவன் முழங்காலில் ஒன்று போட்டாள். பைக் சரிந்தது. மிஸ்பாவை நான் இழுத்துக்கொண்டேன். வண்டிக்கு அடியில் கால் மாட்டி அவன் அலறினான்.

அதோடு நின்றிருக்கலாம். அம்மா குனிந்தாள். அதே முட்டியில் இன்னொன்று வைத்தாள். மறுபடியும் ஒன்று. சில்லு நொறுங்கியது.

எதிர்வீட்டு முத்துப்பேச்சி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "போதும் ஆசியாக்கா. இந்த நாய் செத்துத் தொலைஞ்சா நீங்கல்ல உள்ள கெடக்கணும்."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "பேச்சி, அடுப்புல வெங்காயம் கெடக்கு. போயி அமத்து" என்றாள்.

கைக்கு மாவுக்கட்டு போட்ட மறுநாள் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். அம்மா திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள்.

"இத்தா முறிஞ்சிருச்சா ஹஜ்ரத்? மொதல்லருந்து இருக்கணுமா?"

"உசுருக்கு ஆபத்துன்னா வெளிய வரலாம்மா. மிச்சத்த இருங்க, போதும்."

"அடிச்சதுக்கு?"

"புள்ளையக் காப்பாத்தத்தான அடிச்சீக."

"மொத அடி அதுக்கு. விழுந்த பொறகு ரெண்டு அடிச்சேன். அது கோவத்துல."

"மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசந்தான் மன்னிக்கணும். அவருகிட்ட மாப்புக் கேட்ருங்க" என்றார்.

எனக்கு ஆத்திரம். தையல் போட்ட வாயோடு கேட்டேன். "ஒங்க கைய ஒடச்சிருக்கான். அவன்ட்டயா மாப்பு?"

"அது அவன் பாடு. நான் என்னோடதக் கேக்குறேன்."

சொல்லி அனுப்பினாள். பதிலோடு நவாஸின் அண்ணன் நசீம் வந்தார். "ரெண்டு அடியையும் மன்னிக்கிறேங்கிறான். மிஸ்பாவ அனுப்பணுமாம்."

"அப்ப அந்த ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டும் தம்பி."

அது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. மன்னிப்பு வாங்காமல் போனால் மறுமையில் தன் தொழுகை, நோன்பின் நன்மையெல்லாம் அவன் கைக்குப் போய்விடும் என்று முழுதாக நம்பினாள். திங்களும் வியாழனும் நோன்பு வைக்க ஆரம்பித்தாள். "அவனுக்குப் போனது போக எனக்கும் கொஞ்சம் மிஞ்சணும்ல" என்பாள்.

விவாகரத்து ஆனது. கோர்ட் மிஸ்பாவை என்னிடம் கொடுத்தது. ஒவ்வொரு ரமலானிலும் அம்மா மாப்புக் கேட்டு அனுப்புவாள். அதே பதில்தான் வரும். அவள் பதிலும் மாறவில்லை.

இந்த வருடம் கிட்னி இரண்டும் போனது. டயாலிசிஸை உடம்பு தாங்கவில்லை. செய்தி கேட்டு நசீம் வந்தார். "ஒரே ஒரு நாள் மகள் வந்து அவன் வீட்டுல தங்கணுமாம். தங்குனா மன்னிச்சிர்றேங்கிறான்."

மிஸ்பாவுக்கு இப்போது பதினெட்டு. பாட்டியின் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். "நான் போயிட்டு வந்துர்றேன் நன்னி. ஒரு நாளு தான."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வீங்கிய விரல்கள். எழுந்து பேசத் தெம்பில்லை. "போகாத."

"மறுமையில ஒங்களுக்கு…"

"அங்கன நான் பாத்துக்கிறேன். நீ அவன் வீட்டுப் படி ஏறக்கூடாது." நசீம் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி."

அவர் குடிக்காமல் போனார். இரண்டாம் நாள் அம்மா போய்விட்டாள்.

அம்மாவைச் சுமந்த சந்தூக்கு கிளம்பும்போது என் மாமு வாசலில் நின்று, மையித்தாய்க் கிடப்பவள் யாருக்காவது தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடும்படி கேட்டார். கூட்டம் மன்னித்ததாகச் சொன்னது. நவாஸும் வந்திருந்தான், ஊன்றுகோலோடு. அவன் வாய் அசையவில்லை. கூட்டத்தைத் தாண்டி மிஸ்பாவையே பார்த்தபடி, அவள் நின்ற பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

மிஸ்பா உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டாள்.