கிடாரிக்குப் போட்ட ஊசி

ஊரில் அவளை ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. பருவத்துக்கு வந்த பசுக்களுக்குச் சினை ஊசி போடுவாள். ஸ்கூட்டரின் காலடியில் ஒரு குளிர் கேன். மூடியைத் திறந்தால் வெண்புகை கிளம்பும். உள்ளே மெல்லிய குச்சிகளில் காளைகளின் விந்து உறைந்து கிடக்கும். சுற்றுவட்டாரத்தில் பிறந்த கன்றுகளில் பாதி என் பிள்ளைகள்தான் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வாள். கைராசிக்காரி, கோபக்காரியும்தான்.

அந்தக் கோபம் முழுக்க அண்ணன் மேல். அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவனோடு பேச்சுவார்த்தை இல்லை. அதுகூடப் போகட்டும். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அவளை வாசலுக்குள் விடவில்லை. அம்மா செத்ததே அவளுக்கு அடக்கம் முடிந்த மறுநாள்தான் தெரியும். மளிகைக் கடையில் யாரோ துக்கம் விசாரித்தார்கள். கையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு நின்றாள். பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாதவனை மனிதரில் சேர்க்கலாமா? அவள் சேர்க்கவில்லை.

அண்ணனுக்குப் பிள்ளை குட்டி இல்லை. செல்லமெல்லாம் ஒரு சிவப்புக் கிடாரி மேல். சின்னச் சாதி, ஒடிசலான உடம்பு, இடுப்பும் குறுகல். அது முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்து கத்தியபோது, ஊசி போட அக்கம்பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அண்ணிதான் வந்து கூப்பிட்டாள். சின்னச் சாதிக் காளையின் குச்சியாகப் பார்த்துப் போட வேண்டும் என்றாள்.

ஊசியம்மா தலையாட்டினாள். ஆனால் கேனிலிருந்து அவள் எடுத்தது கறுப்பும் வெள்ளையுமான பெரிய சாதிக் காளையின் குச்சி. அந்தக் காளையின் கன்று இந்த இடுப்பு வழியாக வெளியே வராது. நான் அழுத அழுகையை அவனும் அழட்டும் என்று கறுவிக்கொண்டே குச்சியை வெந்நீரில் இளக்கி, குழலில் ஏற்றி, போட்டுவிட்டு வந்தாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்றாம் மாதம் சினை பார்க்கப் போனாள். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். உறை போட்ட கையைக் கிடாரியின் மலக்குடலுக்குள் விட்டு, அடியில் இருந்த கருப்பையைத் தடவினாள். நீர் நிறைந்த பைக்குள் எலி அளவில் ஏதோ ஒன்று விரலில் இடித்து விலகியது. அதற்குள் அதற்குக் கால் வந்திருக்கும், குளம்புகூட அரும்பியிருக்கும். சினைதான் என்றாள். அண்ணனின் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தாள். சந்தோஷப்படு, நல்லா சந்தோஷப்படு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் மாதம் போகப் போக அவள் நிம்மதிதான் குறைந்தது. வயிற்றுக்குள் கன்றுக்கு எப்போது பல் வரும், எப்போது ரோமம் மூடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? ஒவ்வொரு மாதமும் கன்று ஒரு சுற்று பெருத்துக்கொண்டிருந்தது. பழி வாங்குவது அண்ணனை, வலி வாயில்லா ஜீவனுக்கு. தெரிந்தேதான் செய்தாள், இருந்தும் சோறு இறங்கவில்லை.

கிடாரிக்கு மடி இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ ஈன்றுவிடும் என்று கேள்விப்பட்டதும் கூப்பிடாமலே கிளம்பினாள். அண்ணன் அழுவதைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் புருஷனிடம் சொன்னாள். பிறகு பையில் கயிறும் எண்ணெயும் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. விவரமான மனுஷன்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பனிக்குடம் உடைந்து, இரண்டு முன்னங்காலும் மூக்கும் தெரிந்தன. முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு அவள் உட்காருவதற்குள் கிடாரி இரண்டு முக்கு முக்கியது. கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. சின்னஞ்சிறு கன்று. செக்கச்செவேல் என்று, நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி. கறுப்பு பேருக்குக்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பால்காரரின் சின்னச் சாதிக் காளையை அப்படியே உரித்து வைத்திருந்தது.

அவள் கன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வருஷக்கணக்காகப் பேசாத அண்ணன் வாயைத் திறந்தான்.

"உன் அண்ணி பேச்சைக் கேட்டு உன்னைக் கூப்பிட விட்டேன், ஆனா மனசு கேக்கல. நீ ஊசி போட்டுட்டுப் போன சாயங்காலமே பால்காரர் காளைக்கு ஓட்டிட்டுப் போயிட்டேன். உன்னைத் தெரியாதா எனக்கு? உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்."

இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கருவாகும். பால்காரரின் காளை முந்திவிட்டது. ஊசியம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்பது மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தது இதற்குத்தானா? சாகும்வரை இவனிடம் கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க." கன்றின் மூக்கிலிருந்த சளியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நாலு வருஷம் தூக்கி உக்கார வச்சதும் குளிப்பாட்டுனதும் நான். ஒரு நாள்கூட என் பேரைச் சொல்லல. கடைசி வரைக்கும் நீ எங்க, நீ எங்கன்னுதான். அதான் உனக்குச் சொல்லி அனுப்பல."

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. எழுந்து போய்விட வேண்டும்போலும் இருந்தது. கிடாரி இன்னும் நஞ்சுக்கொடி போடவில்லை. அது விழும்வரை இரண்டு பேரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.