உலக்கைத் தலைக்கு ஒரு கும்பிடு

எனக்குத் தலைக்கனம் உண்டு. பழைய இரும்பு எதைக் கையில் கொடுத்தாலும் அது எந்த மிஷினில் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லிவிடுவேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் இருபது வருஷமாக எண்ணெய் மில் நடத்துகிறவளுக்கு இது கூடத் தெரியாவிட்டால் எப்படி? கணவர் பஸ் ஓட்டப் போய்விடுவார், மில் முழுக்க என் பொறுப்புதான்.

எங்களுடையது இரும்புச் செக்கு. மோட்டார் சுற்றும் உரலுக்குள் உலக்கை இறங்கி நிற்கும். உலக்கையின் அடியில் மாட்டுகிற குண்டு இரும்பைத் தலை என்போம். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நசுக்குவதெல்லாம் அதுதான். நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அந்தத் தலை இரண்டாகப் பிளந்துகொண்டது. வெல்டிங் வைத்துப் பார்த்தோம், அடுத்த முறை ஆட்டும்போதே விட்டுவிட்டது. புதிதாக வார்த்துத் தர ஒரு மாசம் ஆகும் என்றார்கள்.

கல்யாணச் சமையலுக்கு ஆறு டின் கடலை எண்ணெய், பெண்ணுக்குத் தலையில் வைக்க ஒரு தூக்கு நல்லெண்ணெய், எல்லாம் எங்கள் செக்கில் ஆட்டியது, அதுதான் தாய்மாமன் சீர். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் முன்னால் நான்தான் வாய் கொள்ளாப் பெருமையோடு அறிவித்திருந்தேன். அந்தப் பெண் பள்ளி விடுமுறை முழுக்க என் மில்லில் எள்ளும் வெல்லமும் தின்று வளர்ந்தவள். எனக்குப் பெண் இல்லை. அவள் கல்யாணத்துக்கு என் செக்கு ஓடாமல் போவதா?

நாத்தனார் போனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "கடையில வாங்கி டின்ல ஊத்தி எடுத்துனு வந்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் இல்ல, அண்ணி?" என்று வைத்துவிட்டேன்.

உடைந்த தலையின் சுற்றளவை நூலில் அளந்து முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, அடி அண்ணாமலை தாண்டி கிரிவலப் பாதை ஓரத்தில் இருக்கும் காயலான் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஒரு அக்கா. வந்த இரும்பு எது என்னவென்று தெரியாமல் அடுக்கி வைத்திருந்தவளுக்கு நான் வந்தது கொண்டாட்டமாகிவிட்டது. ஆளுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, கையில் சாக்பீஸோடு என் பின்னாலேயே வந்தாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இது ரைஸ் மில் உருளை, பார், ஓரம் தேய்ந்திருக்கிறது. இது கிணற்று ஆயில் இன்ஜினின் சக்கரம். இது மாவு மில்லின் அச்சு. அவள் பாத்திரம் தேய்க்கும் மேடைக்கு முட்டுக் கொடுத்திருந்தது மல்லாட்டை உடைக்கிற மிஷினின் கால். "அய்ய, இத்தினி நாளா அதும் மேல தான் தட்டு கழுவினு இருந்தேன்" என்று அக்கா சிரித்தாள். எனக்கும் வந்த வேலை மறந்துவிட்டது. துருப்பிடித்த இரும்பு ஒவ்வொன்றும் என் கையில் வந்ததும் யாரென்று சொல்லிக்கொண்டு எழுந்து நிற்பது மாதிரி ஒரு சந்தோஷம். மத்தியானம் ஆனபோது பாதிக் கடைக்கு விலாசம் எழுதிவிட்டோம். உலக்கைத் தலை மட்டும் இல்லை.

சோர்ந்துபோய் வெளியே வந்தேன். கேட் ஓரம் வேப்பமரத்தடியில் ஒரு சின்ன லிங்கம். விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், அரளி மாலை, எதிரே கற்பூரம் கொளுத்திய கரி. பக்கத்தில் ஒரு பூக்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். செருப்பை விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்பா, எனக்கு எப்படியாவது ஒரு உலக்கைத் தலையைக் காட்டு" என்று மனமுருகி வேண்டினேன். கண் கலங்கிவிட்டது. விபூதி எடுக்கக் குனிந்து அடிப்பக்கம் விரல் பட்டபோது ஒரு போல்ட் துளை தட்டுப்பட்டது. பக்கத்தில் இன்னொன்று. சுற்றி நான்கு.

இடுப்பில் சொருகியிருந்த நூலை எடுத்துச் சாமியைச் சுற்றி அளந்தேன். முடிச்சு முடிச்சோடு சேர்ந்தது.

"வேண்டுதலாம்மா? நூலு கட்டுனா ஒடனே பலிக்கும்" என்றார் பூக்காரம்மா.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஊரில் இருக்கிற இரும்பையெல்லாம் அடையாளம் காட்டுகிறவள், உலக்கைத் தலையிடமே உலக்கைத் தலை கேட்டு அழுதிருக்கிறேன். கேட் காற்றில் ஆடாமல் இருக்க அக்காதான் அதைத் தலைகீழாக நிறுத்தி வைத்தாளாம். ஒரு பௌர்ணமிக்கு நடந்து போன யாரோ விபூதி பூசிவிட்டுப் போக, அடுத்த பௌர்ணமிக்கு மாலை வந்துவிட்டதாம்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "இரும்புன்னா ஒடனே தூக்கிக் குடுத்துருவேன். சாமியை எப்படிம்மா குடுக்கறது?"

உடைந்த என் உலக்கைத் தலையைப் பதிலுக்கு வைக்கலாம் என்றால் பின்னமானதைப் பூஜைக்கு வைக்கக்கூடாது. பன்னிரண்டு நாளில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

வழி சொன்னது பூக்காரம்மாதான். "கோயில்ல திருப்பணி பண்ணும்போது பாலாலயம் பண்றாங்க இல்ல? சாமியைக் கலசத்துல எறக்கி வச்சிட்டு செலையில வேலை பாக்கறாங்க. அதே மாதிரி பண்ணுங்க. அவரு கோச்சுக்க மாட்டாரு, இங்க வந்து குந்துனதே இந்த கேட்டு ஆடாம நிக்கறதுக்குத் தான?"

அக்கா பித்தளைச் சொம்பைத் தேய்த்துத் தண்ணீர் பிடித்தாள். மாவிலை, தேங்காய், பூ. சொம்பிலிருந்து லிங்கத்துக்குப் பூச்சரம் ஒன்றை நீட்டி வைத்து, மூன்று பேரும் கற்பூரம் காட்டிக் கும்பிட்டோம். மந்திரம் யாருக்கும் தெரியாது. "இதுல வந்து இருப்பா" என்று பூக்காரம்மா சொன்னார், அவ்வளவுதான். சாமி சொம்புக்குப் போன பிறகே நான் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். விரிசல் இருந்தால் தட்டும்போது மந்தமாகக் கேட்கும். இது கணீரென்றது.

இனி சாமிக்கு ஒரு இடம் வேண்டுமே. அக்கா ஒரு நிபந்தனை போட்டாள்: புதுசாக வைப்பதை இனி எந்த மில்காரியும் தேடி வரக்கூடாது. மறுபடியும் குவியலுக்குள் இறங்கினேன். அன்று நான் பார்த்ததிலேயே அதுதான் பெரிய வேலை. தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் மாடு கட்டிச் சுற்றிய கரும்பாலையின் குட்டையான இரும்பு உருளை ஒன்றை எடுத்தேன். விரிசல் இல்லை, தலைப்பக்கம் உருண்டு வழவழப்பாக இருந்தது, கேட்டு வர ஆளும் இல்லை.

"கரும்பாலையா? அப்ப சாமி ஜாஸ்தி இனிப்பா இருப்பாரு" என்று பூக்காரம்மா அதற்கு முதல் மாலையைப் போட்டார். சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினோம்.

மறுநாள் தலையை மாட்டினோம். துளை நான்கும் சரியாக உட்கார்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட்டேன். உரல் சுற்றியது. கால் மணி நேரத்தில் புண்ணாக்கு இறுகி, குழாயில் எண்ணெய் நூலாக இறங்கியது. மில் ஆட்கள் இருப்பதையும் மறந்து கைகொட்டிச் சிரித்தேன்.

நலங்கு வைக்கும் நாளன்று காலையில் ஆறு டின்னும் தூக்கும் போய் இறங்கின. நாத்தனார் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தூக்கைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒரு கை ஊற்றிக்கொண்டு, மணையில் உட்கார்ந்திருந்த மகள் உச்சியில் வைத்தாள். அந்தப் பெண் கண்ணை மூடியபடியே, "அத்தை செக்கு ஓடுதாம்மா?" என்றாள்.

"ஓடுதுடி" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு, உள்ளங்கையில் மிச்சமிருந்த எண்ணெயைக் கொண்டுவந்து என் உச்சியில் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.