நித்திரையில் விட்டுப்போன பிள்ளை

காலை ஐந்தேகால். விழித்ததும் முதலில் கண்ணில் பட்டது, கட்டிலின் காலடியில் மடித்து வைத்திருந்த, என் கணவர் இரவில் உடுத்தும் சாரம். ஆளைக் காணவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டில் அது புதிதல்ல. அவர் நெல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர். அறுவடைக் காலத்தில் வெளியூரில் தங்குவார். ஒவ்வொரு முறையும் அவர் இனித் திரும்பமாட்டார் என்றே என் உடம்பு நம்பும்.   அவர் போகக்கூடாதென்று, மெஷினை ஸ்டார்ட் பண்ணும் திறப்பைக்கூட ஒளித்திருக்கிறேன்.

அன்று பஸ் ஏறி, அவர் நெல் வெட்டிக்கொண்டிருந்த ஒட்டுசுட்டானுக்கே போனேன். வயல் வரம்பில் நின்று, வேலையாட்கள் பார்க்கக் கத்தினேன். அவர் மெஷினிலிருந்து இறங்கி வந்தார்.

"உனக்குப் புருசன் வேணுமோ, கட்டிவைக்க மாடு வேணுமோ?"

யாரோ சிரித்தார்கள்.

"மாடெண்டாலும் பின்னேரம் பட்டிக்கு வரும்," என்றேன்.

"அப்ப மாட்டையே வைச்சிரு. நான் இனி வரேல்லை."

திரும்பி வந்து நேரே அம்மன் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. பூட்டிய கதவின் முன் மண்ணில் விழுந்தேன். "அம்மாளாச்சி, அவரை என்னோடை கட்டி வை. இல்லாட்டி என்னைக் கூப்பிடு." உண்மையாகவே கேட்டேன். உயிர் வேண்டாம் என்றிருந்தது.

வீட்டு வாசல் படலையில் அம்மா நின்றார். கண்டாவளையிலிருந்து வந்திருந்தார்.

"மருமோன் எனக்குப் போன் அடிச்சவர். 'மாமி, அவளைத் தனிய விடாதேங்கோ, உடன போங்கோ' எண்டார்."

அம்மாவும் நானும் மனம்விட்டுக் கதைப்பதில்லை. அன்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். என் தலையைத் தடவியபடி அவர் சொல்லத் தொடங்கினார்.

"அப்ப நீ ஏழு மாசப் பிள்ளை. உன்ர அண்ணாவுக்குக் கடும் காய்ச்சல். வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனன். நீ நல்ல நித்திரை. எழுப்பினாக் கத்துவாய் எண்டு சின்னம்மாவிட்டை விட்டுட்டுச் சொல்லாமல் போனனான். பிறகு சண்டை, பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். நான் வரேக்க நீ ஓடித் திரியிறாய். என்னைக் கண்டு சின்னம்மாவின்ர சீலைக்குள்ள ஒளிச்சாய்."

அந்த நாள் எனக்கு நினைவில்லை. ஆனால் வெறும் கட்டிலைக் கண்டதும் எனக்குள் பதறியது அந்த ஏழு மாதப் பிள்ளைதான். கைக்குழந்தைக்கு என்ன தெரியும் என்கிறோம். பேச்சுத் தெரியாது. ஆள் இல்லாதது தெரியும்.

அம்மாவின் போனில் அவரை அழைத்தேன். எடுத்தார்.

"இனி என்னை எழுப்பிச் சொல்லிப்போட்டுப் போங்கோ. நான் அழுதாலும் சொல்லுங்கோ."

"நீ அழுவாய் எண்டுதானே சொல்லாமல் போறனான்," என்றார். "சரி, இனி எழுப்பிச் சொல்லுறன்."

அறுவடை முடிந்ததும் வந்தார். அவரைக் கட்டி வை என்று கோயிலில் நான் கேட்டேன். அம்மாளாச்சியோ என்னைக் கட்டியிருந்த பயத்தை அவிழ்த்தாள். பயம் இன்னும் வரும். வந்தால் அவளிடம் சொல்கிறேன். உங்களுக்கும் காரணம் தெரியாத பயம் இருந்தால் வெட்கப்படாமல் அவள் வாசலில் கொட்டுங்கள். கதவு பூட்டியிருந்தாலும் கேட்கிறாள்.

நேற்று விடியுமுன் அவர் என் தோளைத் தட்டி, "போயிட்டு வாறன்," என்றார். "ஓம்," என்றேன். திரும்பிப் படுத்து உறங்கிவிட்டேன்.