கண்ணாடிக்கு உள்ளே வந்த வெயில்

பதினொரு மணி ஆனதும் ஓவர்லாக் அக்கா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொள்வார். அவருடைய மெஷினுக்குப் பக்கத்தில் திறக்க முடியாத பெரிய ஜன்னல். கண்ணாடி வழியே வெயில் மேஜையில் விழுந்ததும், தைத்துக்கொண்டே இடது கையை அதற்குள் நகர்த்துவார். "சும்மா கெடைக்குற மருந்து. வாங்கிக்க வேண்டியதுதானே" என்பார்.

பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் நாங்கள் பதினான்கு பெண்கள் ஆஸ்பத்திரி உடுப்புகள் தைக்கிறோம். ஐந்தாறு தேசத்து முகங்கள், ஐந்தாறு விதத் தோல். எல்லோருடைய துணியும் ஓரம் அடிக்க அக்காவிடம்தான் போகும். நூல் அறுந்தால் மெஷினைத் திட்ட மாட்டார். "என்ன, கோவமா?" என்று அதனிடம் கேட்பார். கணவர் போனில் கூப்பிட்டால் மட்டும் அந்தப் பொறுமை இருக்காது. உட்காருவதற்கு முன் ஸ்டூலைத் துணியால் மூன்று தடவை துடைப்பார். வேறு யாரையும் அதில் உட்கார விட்டதில்லை. நான் ஒரு முறை உட்கார்ந்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த வருடம் அவருக்கு இடுப்பிலும் தொடையிலும் வலி. மாடிப்படியில் கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறுகிறார். வேகமும் குறைந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் பார்த்துவிட்டுத் துணி மடிக்கும் பக்கம் மாற்றிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். அக்கா ஒரு வாரம் தாங்க மாட்டார். "வயசுடி, வேற என்ன" என்று எங்களிடம் சமாளித்தார்.

புதிதாகச் சேர்ந்த பட்டன் தைக்கும் பெண் ஆறு மாதக் கர்ப்பம். எங்கள் எல்லோரையும்விடக் கறுப்பு. மதியத்துக்குள் சோர்ந்து மேஜையில் தலை சாய்த்துவிடுவாள். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "அக்கா, கொஞ்ச நேரம் வெயில்ல உக்காந்துக்கவா?" என்று கேட்டாள்.

அக்கா தலை நிமிரவில்லை. "உனக்கெதுக்கும்மா வெயில்? ஆயுசுக்கும் வேண்டியத உங்க ஊர்லயே வாங்கிட்டுத்தானே வந்திருக்க."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு தன் மேஜைக்கே திரும்பிப் போனாள்.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். பல தேசத்துப் பெண்களின் உடம்பில் இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் எப்படி இருக்கின்றன என்று ஆராய்கிறார்களாம். எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார். "எனக்கு நிரம்பி வழியும் பாருங்க. பதினோரு வருஷமா வெயிலோட குடும்பம் நடத்துறவ" என்று அக்கா முதல் ஆளாகக் கையை நீட்டினார்.

மூன்றாம் வாரம் அந்த நர்ஸ் பரிசோதனை முடிவுத் தாள்களோடு வந்தார். துணி வெட்டுகிறவள் பால் நிறம். அவளுக்கு இரும்பு அடிமட்டத்தில் இருந்தது. பட்டன் பெண்ணுக்கு இரண்டுமே குறைவு. வைட்டமின் டி-யில் பதினான்கு பேரிலும் கடைசி, அக்கா.

"மாத்தி எழுதிட்டீங்க" என்றார் அக்கா. "நான் வெயில்லயே உக்காந்திருக்கறவ."

நர்ஸ் ஜன்னலைத் தட்டிக் காட்டினார். "சத்து குடுக்கிற வெயில் இந்தக் கண்ணாடியத் தாண்டாதுங்க. சூடும் வெளிச்சமுந்தான் வரும். உங்க வலிக்கு இதுகூடக் காரணமா இருக்கலாம். மாத்திரைக்குச் சொல்றேன், வெளிய போயும் உக்காருங்க. இந்தப் பொண்ணும்தான். தோல் கறுப்பா இருக்க இருக்க, வெயில் அதிக நேரம் வேணும்."

அக்கா பட்டன் பெண்ணைப் பார்த்தார். சுருட்டிய சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார். அன்று நூல் நாலு தடவை அறுந்தது; மெஷினிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பதினொன்றுக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, லாரி வந்து நிற்கும் பின்பக்க மேடைக்குக் கிளம்பினார். "எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"மருந்து வாங்க. பத்து நிமிஷம். டீ நேரத்துல கழிச்சுக்குங்க."

போகிற போக்கில் பட்டன் பெண்ணின் மேஜையைத் தட்டினார். "வா."

மேடையில், சுவரின் நிழலைத் தாண்டி ஒரே ஒரு ஸ்டூல் போடத்தான் வெயில் இருந்தது. அக்கா அதைப் போட்டு மூன்று தடவை துடைத்தார். ஓரமாக ஒண்டி உட்கார்ந்துகொண்டு, காலியாக இருந்த பாதியை இன்னொரு தடவை துடைத்தார்.