நாற்பதடி வளைந்த கோடு

மொல்கே கிராமத்தில் சுல்லேயின் வீடுதான் கடைசி. முன்னால் கடல், பின்னால் விமான நிலையத்தின் கம்பி வேலி. விமானம் இறங்கும்போது அந்த ஊரில் யாரும் கத்திப் பேசுவதில்லை. பாதிப் பேச்சில் கையை உயர்த்தி நிறுத்துவார்கள். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அவள் மணமாகி வந்த ஆண்டில்தான் முதல் ஓடுபாதை போட்டார்கள். ஊர்ப் பெண்களோடு அவளும் ஜல்லிக் கூடை சுமந்தாள். அப்போது அதில் ஒரு பெருமை இருந்தது. பத்து வருடத்தில் பாதை நீண்டு, பஸ் வந்த சாலை வேலிக்குள் போயிற்று. இரண்டாம் முறை நீட்டியபோது ஊரையே அளந்தார்கள். அவள் கணவன் தால்சூ, அளக்க வந்த ஜீப்புக்கு முன்னால் மூன்று நாள் படுத்துக் கிடந்தான்.

"என்னைப் புதைச்சிட்டு மேல ஓட்டுங்கடா!"

கோடு நாற்பதடி வளைந்தது. கடலோரத்து ஐந்து வீடுகள் தப்பின. அன்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வீடு போனவர்களெல்லாம் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு நகரத்தில் குடியேறினார்கள். தப்பியவர்கள் அங்கேயே கிடந்தார்கள். மாடி கட்ட அனுமதி இல்லை. வீட்டை வாங்க ஆளும் இல்லை. இப்போது மிச்சம் சுல்லேயும் பக்கத்து வீட்டு ஓக்சிமும்தான். தால்சூ இறந்து ஆறு வருடமாகிறது. அவன் சொன்னபடியே வீட்டை ஒட்டிய பூண்டு வயலில் புதைத்து மேடு எழுப்பினாள்.

இந்த வசந்தத்தில் மூன்றாவது விரிவாக்கம் என்று பேச்சு வந்தது. பூசான் நகரத்தில் இருக்கும் தங்கை, "எங்க பக்கத்து வீடு காலியா இருக்கு, வந்துடு" என்றாள். அதிலிருந்து, சிப்பி உடைக்கும் கொட்டகைக்குப் போகுமுன் சுல்லே தினமும் வேலியோரம் போய் நின்றாள்.

"என்னக்கா, சாமி கும்பிடற மாதிரி வேலியையே பாக்குற?" என்றாள் ஓக்சிம்.

"இந்தத் தடவை நம்ம வீட்டை எடுத்துக்குவான்டி."

"மாமா எழுந்து வந்து மறுபடி ஜீப்புக்கு முன்னால படுத்துக்கப் போறாரு."

"படுக்கட்டும். இந்தத் தடவை நானே ஜீப்பை ஓட்டுறேன்."

ஒரு காலை, பூண்டுக்கு நடுவே தலையில் சிவப்பு பூசிய மரக்கட்டைகள் வரிசையாக நின்றன. தால்சூவின் கல்லறை மேட்டில் ஒரு பலகை: 'இந்தக் கல்லறைக்கு உரியவர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்.' பக்கத்தில் மேங் என்ற இளம் அளவுக்காரன் நின்றிருந்தான்.

"தம்பி, கோடு எதுவரைக்கும்?"

"கல்லறையோட சரிம்மா. உங்க வீட்டுக்கு..."

விமானம் வந்தது. வெளியூர்க்காரன், நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தான். அவன் வாய் அசைவதையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் அடங்கியது.

"...ஒண்ணும் ஆகாது. பழைய ஃபைலைப் பார்த்தேன். இந்த வீட்டுக்காக உங்க வீட்டுக்காரர் எவ்வளவு போராடியிருக்காரு! அதனாலதான் இந்தப் பக்கம் வராம ஜாக்கிரதையா போட்டோம்."

"அவரு போராடினாரு. நான் கேட்டேனா? வீட்டையும் எடுத்துக்கோப்பா."

மேங் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"வரைபடத்துல கையெழுத்து ஆயிடுச்சும்மா."

சந்திர நாட்காட்டியில் சில வருடங்களுக்கு ஒருமுறை வரும், ஆவிகள் கண்ணை மூடிக்கொள்ளும் என்று சொல்லப்படும் கூடுதல் மாதத்தில் மேட்டைத் தோண்டினார்கள். எலும்புகளை அவளே துடைத்துக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். வைக்கும் இடமாக, தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அஸ்தி மண்டபத்தைச் சொன்னாள். மேங் ஓட்டிய அலுவலக வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பூசான் போனாள்.

ஐந்தாவது மாடி, ஜன்னலோரம். கீழே சந்தையும் பஸ்களும் தெரிந்தன. அரிசிக் கள் ஊற்றி இரண்டு முறை விழுந்து வணங்கினாள்.

"அம்மா, நாலு மணிக்குள்ள உங்களை வீட்டுல விட்டுட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்கணும்" என்றான் மேங், வாசலில் நின்று.

சுல்லே பெட்டி வைத்த மாடத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"நல்ல இடம். லிஃப்ட் கூட இருக்கு. நீங்க இருங்க" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டிக்கு நடந்தாள்.